ஜாங்கரை மீட்ட உஸ்மான்

1947 டிசம்பர் மாதம். காஷ்மீரில் கடுங்குளிர். மீர்ப்பூர் சாலையும் கோட்லி சாலையும் கூடும் ஜாங்கர் என்னும் ஊர் பகைவர் கையில் வீழ்ந்தது. அதை மீட்கும் வரை கட்டிலில் படுப்பதில்லை என்று ஒரு தளபதி சபதம் செய்தார். வெறுந்தரையில் பாய் விரித்துப் படுத்தார். அவர்தான் பிரிகேடியர் முகம்மது உஸ்மான்.

பிறந்தது 1912-ல், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் ஆஜம்கர் ஜில்லாவில். தந்தை போலீஸ் அதிகாரி. மகனோ இங்கிலாந்து சென்று இராணுவக் கல்லூரியில் பயின்று, பலூச் படையில் சேர்ந்தார்.

தேசம் பிரிந்தது. பலூச் படை பாகிஸ்தானுக்குப் போயிற்று. அங்கே வந்தால் பெரும் பதவி என்று ஆசை காட்டினார்கள். உஸ்மான் மறுத்துவிட்டார். பிறந்த மண்ணிலேயே நின்றார்.

1948 பிப்ரவரி 6. ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து நவுஷேராவைத் தாக்கினர். உஸ்மானின் படை அவர்களை விரட்டியடித்தது. மக்கள் அவரை நவுஷேராவின் சிங்கம் என்றார்கள். பகைவரோ அவர் தலைக்கு 50,000 ரூபாய் விலை வைத்தார்கள்.

மார்ச் மாதம் ஜாங்கரும் மீண்டது. சபதம் நிறைவேறியது. ஆனால் படுப்பதற்கு முகாமில் கட்டில் இல்லை! பக்கத்துக் கிராமத்தில் இரவல் வாங்கி வந்தார்கள்.

அந்தச் சுகம் நீடிக்கவில்லை. ஜூலை 3-ந் தேதி, அதே ஜாங்கரில் பீரங்கிக் குண்டு வெடித்து உஸ்மான் உயிர் துறந்தார். 36 வயது நிறைய 12 நாட்களே இருந்தன. மணம் செய்துகொள்ளாதவர். சம்பளத்தின் பெரும் பகுதியை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கே கொடுத்தவர்.

டில்லியில், ஜாமியா மில்லியா அருகே அவரை அடக்கம் செய்தார்கள். பிரதமர் நேரு நேரில் வந்து அஞ்சலி செலுத்தினார். மகாவீர் சக்கர விருதும் அளிக்கப்பட்டது. ஜாங்கரின் பெயரைப் பலர் மறந்திருக்கலாம். அதை மீட்டு, அங்கேயே உயிரையும் கொடுத்தவரை மறக்கலாகாது.