ஈயை ஈயால் ஒழித்தவர்

முள்ளை முள்ளால் எடுப்பார்கள், தெரியும். ஈயை ஈயால் ஒழிக்க முடியுமா? முடியும் என்று காட்டிய எட்வர்ட் நிப்ளிங்கைப் பற்றி எழுதச் சொல்லி என் பேனா ரொம்ப நாளாக நச்சரிக்கிறது.

1909-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பண்ணை மாட்டுக்குப் புழு வைத்த புண்ணைச் சின்ன வயதிலேயே பார்த்தவர். அழுகின புண்ணில் வைக்கிற சாதாரணப் புழுதானேன்னு நினைத்துவிடாதீர்கள். இது திருகுப்புழு, உயிருள்ள சதையைத்தான் தின்னும். கன்றின் தொப்புள், கொம்பு சீவின இடம், உண்ணி கடித்த காயம் போதும்; ஈ 200, 300 முட்டை இட்டுவிடும். ஒரே நாளில் பொரித்து, ஒரு வாரம் துளைத்துத் தின்று, மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். கவனிக்காவிட்டால் பெரிய மாடே செத்துப்போகும்.

1930-களில் அரசு வேளாண் துறையில் பூச்சியியலாளராக இருந்த நிப்ளிங் ஒன்றை யோசித்தார். பெண் ஈ வாழ்நாளில் ஒரே தடவைதான் ஆணோடு சேரும். அப்படியானால் மலட்டு ஆண் ஈக்களைக் கூட்டம் கூட்டமாக விட்டால் என்ன? முட்டை பொரிக்காது, வம்சமே அற்றுப்போகும். மலடாக்குவது எப்படி என்பதுதான் தெரியவில்லை. யோசனை பத்து வருஷத்துக்கு மேல் தூங்கிற்று. நடுவில் உலகப்போர், மனுஷர் பேன், கொசு ஒழிக்கும் வேலைக்குப் போய்விட்டார். 1950-ல், எக்ஸ்ரே பழ ஈயை மலடாக்கும் என்று ஹெர்மன் முல்லர் எழுதியது தெரியவந்தது. உடனே அவருக்கே கடிதம் போட்டார். சகா ரேமண்ட் புஷ்லண்ட் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மெஷினில் கூட்டுப்புழுக்களை வைத்துப் பார்த்தார். பலித்தது!

சானிபெல் தீவில் முழு வெற்றியில்லை. கரையிலிருந்து வேறு ஈக்கள் பறந்து வந்துவிட்டன. 1954-ல் குராசோ தீவில் சில மாதத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. 1966-ல் அமெரிக்கா முழுதும் விடுபட்டதாக அறிவித்தார்கள்.

ஆனால் விமானத்திலிருந்து ஈயை விட்டால் மட்டும் போதாது. எங்கே விடுவது என்று சொல்ல வேண்டியவன் மாட்டுக்காரன். புண்ணை அடிக்கடி பார்த்து, மருந்து போட்டு, புழுவில் கொஞ்சம் குப்பியில் போட்டு அனுப்பணும். அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்த 1972-ல் டெக்சாஸில் 90,000-க்கு மேல் கால்நடைகளுக்குப் புழு வைத்தது. காட்டு மானுக்கு யார் புண் பார்ப்பது? 2016-ல் ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் இன்ன புழு என்று உறுதியாவதற்குள் குட்டை மான்கள் பல போய்விட்டன. மொத்தம் 130-க்கு மேல். அங்கேயும் மலட்டு ஈதான் காப்பாற்றிற்று.

1992-ல் நிப்ளிங்குக்கும் புஷ்லண்டுக்கும் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2000 மார்ச்சில், 90 வயதில் நிப்ளிங் காலமானார். பனாமாவில் மலட்டு ஈயால் போட்டு வைத்த வேலியை 2023-ல் திருகுப்புழு தாண்டிற்று. 2024 நவம்பரில் மெக்சிகோவைத் தொட்டது. மாட்டுக்காரர்கள் மறுபடி கன்றின் தொப்புளைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.