டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

எங்க அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது ‘முத்துலட்சுமி ரெட்டி பணம்’ வந்தது. யார் அந்த முத்துலட்சுமி என்று வீட்டில் கேட்டேன். யாருக்கும் தெரியல. நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

அவர் 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தார். வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் வீட்டிலேயே படித்தார். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேரப் போனார். ஒரே எதிர்ப்பு! மகாராஜாவே அனுமதி கொடுத்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று டாக்டர் ஆனார்.

சென்னை சட்டசபையில் முதல் பெண் உறுப்பினரும் அவர்தான். சின்னப் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க, 1927-இல் அங்கே குரல் கொடுத்தார். அவருடைய அம்மாவே அந்தக் குலத்தில் பிறந்தவர். முழுச் சட்டம் வந்தது 1947-இல்தான். இருபது வருஷம்! அவர் விடவே இல்லை.

ஆதரவற்ற பெண்களுக்காக 1930-இல் அவ்வை இல்லம் தொடங்கினார். தங்கை புற்றுநோயில் இறந்ததை மறக்காமல், 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை ஏற்படுத்தினார். 1968-இல் மறைந்தார்.

எங்க அக்கா பத்தாவதோடு நின்னுட்டா. தோழிகளே, உங்க வீட்டிலும் படிப்பு போதும் என்றால் இவர் கதையைச் சொல்லுங்கள். நான் எங்க அப்பாவிடம் சொல்லிட்டேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.