குதிரையிடம் பாடம் கேட்ட வீரர்

உப்பு மூட்டை விளையாட்டு உங்கள் எல்லோருக்கும் தெரியும். தம்பியையோ தங்கையையோ முதுகில் சுமந்துகொண்டு ஓடியிருப்பீர்கள். அப்படி ஓடும்போது குறுக்கே ஒரு சிறு வாய்க்கால் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தாவுகிறீர்கள். அந்த நேரம் பார்த்து, முதுகில் இருக்கும் தம்பி பயந்துபோய்ப் பின்பக்கமாகச் சாய்கிறான். போதாததற்கு உங்கள் கழுத்தையும் பிடித்து இழுக்கிறான். என்ன ஆகும்? இரண்டு பேரும் வாய்க்காலில்தான் விழுவீர்கள்!

அதே தம்பி, நீங்கள் குனியும்போது தானும் குனிந்து, உங்களோடு ஒட்டிக்கொண்டு வந்தால்? சுலபமாகத் தாண்டிவிடுவீர்கள், இல்லையா?

கேட்பதற்கு இது மிகச் சிறிய விஷயம். ஆனால், குதிரைமேல் ஏறித் தடை தாண்டிய மனிதர்கள் இதைப் புரிந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. புரியவைத்தவர் இத்தாலி நாட்டுக் குதிரைப்படை அதிகாரி ஒருவர். அவர் பெயர் பெடரிகோ காப்ரில்லி. ஒலிம்பிக் போட்டியில் குதிரைகள் தடை தாண்டுவதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறீர்கள் அல்லவா? அந்த வீரர்கள் அமரும் முறைக்கு வித்திட்டவர் இவர்தான்.

காப்ரில்லி 1868-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதி பிறந்தார். ஊர் லிவோர்னோ. இத்தாலியின் மேற்குக் கரையில் இருக்கும் துறைமுக நகரம். இளம் வயதிலேயே ராணுவப் பள்ளியில் சேர்ந்து படித்தார். படிப்பு முடிந்ததும் குதிரைப்படையில் அதிகாரியானார்.

அது மோட்டார் வண்டிகள் பரவாத காலம். எதிரி எங்கே இருக்கிறான் என்று வேவு பார்க்கவும், செய்தி கொண்டு செல்லவும் குதிரை வீரர்களைத்தான் அனுப்பினார்கள். வீரர்கள் சாலையில் மட்டும் போனால் போதாது. வயல், வரப்பு, வாய்க்கால், வேலி, கற்சுவர் எல்லாவற்றையும் தாண்டிப் போகவேண்டும். குதிரை நடுவழியில் நின்றுவிட்டால் வீரனின் உயிருக்கே ஆபத்து.

இத்தாலியின் குதிரைப்படைப் பள்ளி பினரோலோ என்ற ஊரில் இருந்தது. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், டூரின் நகருக்குப் பக்கத்தில் உள்ள ஊர் அது. காப்ரில்லி பயிற்சிக்காக அங்கே போனார்.

அக்காலத்தில் தடை தாண்டுவதை எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் தெரியுமா? குதிரை மேலே எழும்போது வீரன் பின்பக்கமாக நன்றாகச் சாய வேண்டும். கால்களை முன்னால் நீட்டிக்கொள்ள வேண்டும். கடிவாள வாரை இழுத்துக் குதிரையின் தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். குதிரையின் முன்னங்கால்கள் மெலிந்தவை. அவற்றில் பாரம் விழக்கூடாது, குதிரை பின்னங்கால்களில் இறங்கினால்தான் நல்லது என்று எண்ணினார்கள். குதிரைக்கு உதவி செய்வதாகவே நினைத்துக்கொண்டு இப்படிச் செய்தார்கள்.

ஆனால் உண்மையில் நடந்தது வேறு. கடிவாளத்தில் ஓர் இரும்புத் துண்டு உண்டு. அது குதிரையின் வாய்க்குள் இருக்கும். வாரை இழுத்தால் அந்த இரும்பு வாயை அழுத்தும். தாவும்போதெல்லாம் குதிரையின் வாயில் வலி. பின்னால் சாய்ந்த வீரனின் முழுப் பாரமும் இடுப்பின்மேல் தொப்பென்று விழுந்தது. முதுகிலும் வலி. பத்து முறை தாவினால் பத்து முறையும் அடி கிடைத்ததுபோல்தான். பிறகு என்ன செய்யும்? தடையைப் பார்த்ததுமே மிரண்டு நின்றது. நின்ற குதிரைக்குச் சவுக்கடி விழுந்தது. குதிமுள்ளால் விலாவில் குத்து விழுந்தது. முரட்டுக் குதிரை, கோழைக் குதிரை என்ற பட்டமும் கிடைத்தது.

குதிரை ஏன் மறுக்கிறது என்று காப்ரில்லி யோசித்தார். அதற்கு விடை சொல்லக்கூடியது குதிரை ஒன்றுதான். வாயில்லாப் பிராணி எப்படிச் சொல்லும்? அதைக் கவனித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதுகில் யாரும் ஏறாமல், சும்மா விட்ட குதிரைகள் எப்படித் தாவுகின்றன என்று அவர் உற்றுப் பார்த்தார். புகைப்படங்களையும் ஆராய்ந்தார். குதிரை ஓடும் வேகத்தில் நம் கண்ணுக்கு எதுவும் சரியாகப் பிடிபடாது. அமெரிக்காவில் 1878-ஆம் ஆண்டு மைபிரிட்ஜ் என்பவர் ஓடும் குதிரையை வரிசையாகப் படம் பிடித்தார். குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையைத் தொடாமல் இருப்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. கால்களை முன்னும் பின்னும் விரித்துக்கொண்டு குதிரை பறப்பதுபோல் வரைந்துவந்த ஓவியர்கள் வியந்துபோனார்கள். கண் ஏமாந்த இடத்தில் படம் உண்மையைச் சொன்னது.

காப்ரில்லிக்கும் அப்படி ஓர் உண்மை புலப்பட்டது. குதிரை தாவும்போது தலையையும் கழுத்தையும் முன்னால் நீட்டுகிறது. கயிற்றின்மேல் நடப்பவர் கையில் கோல் வைத்துச் சமாளிப்பாரே, அதுபோலக் குதிரைக்குக் கழுத்துதான் கோல். உச்சியில் முதுகு வில்போல வளைகிறது. இறங்கும்போது முதலில் தரையைத் தொடுவது முன்னங்கால்கள்தான்! பெரியவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்ததற்கு இது நேர்மாறாக இருந்தது.

கழுத்தை நீட்ட வேண்டிய நேரத்தில் வாரை இழுத்தால் கழுத்து எப்படி நீளும்? முதுகை வளைக்க வேண்டிய நேரத்தில் அதன்மேல் தொப்பென்று உட்கார்ந்தால் முதுகு எப்படி வளையும்? குதிரைமேல் தவறு இல்லை, மேலே உட்கார்ந்திருப்பவர்மேல்தான் தவறு என்று காப்ரில்லி கண்டுகொண்டார்.

உடனே அவர் குதிரையைத் திருத்தப் புறப்படவில்லை. வீரனைத் திருத்தினார். வீரன் கால் வைக்கும் வளையத்துக்கு அங்கவடி என்று பெயர். அதன் வாரைக் குட்டையாக்கினார். அப்போது முழங்கால் நன்றாக மடியும். வீரன் அங்கவடியில் காலூன்றிச் சேணத்திலிருந்து சற்றே எழுந்துகொள்ளலாம். குதிரை தாவும்போது உடலை முன்பக்கமாகச் சாய்க்க வேண்டும். குதிரையின் கழுத்து நீள நீள, கைகளும் அதன் வாயோடு முன்னால் போகவேண்டும். வாரை வெடுக்கென்று இழுக்கவே கூடாது. அவ்வளவுதான் அவருடைய முறை! குதிரை தன் இயல்புப்படி தாவட்டும், மனிதன் அதற்கு இடைஞ்சல் இல்லாமல் இருக்கட்டும் என்பதே அதன் சாரம்.

இந்த முறைக்கு ஏற்ற களமாக அமைந்தது டோர் டி குவின்டோ. ரோம் நகரின் வடக்கே, டைபர் நதிக்கரையில் இருக்கிறது இந்த இடம். இன்று அது ரோமின் புறநகர்ப் பகுதி. கட்டடங்கள் நிறைந்துவிட்டன. அன்றைக்கோ மேடும் பள்ளமுமான திறந்தவெளி. பினரோலோவில் படித்த அதிகாரிகள் மேற்பயிற்சிக்காக அங்கே வந்தார்கள். ஓடைகள், மரவேலிகள், கற்சுவர்கள் இவற்றையெல்லாம் தாண்டிப் பழகினார்கள். அங்கே ஒரு செங்குத்தான சரிவும் உண்டு. அதில் குதிரையோடு சறுக்கி இறங்குவதைப் பார்த்தால் நமக்கு வயிற்றைக் கலக்கும். வீரன் பயந்து வாரை இழுத்தால் குதிரை தடுமாறும். அதை நம்பிக் கழுத்துக்கு இடம் கொடுத்தால், அதுவே பார்த்துப் பத்திரமாக இறங்கிவிடும். குதிரையேற்றம் என்றாலே உலகம் இந்தப் புறநகரின் பெயரைச் சொல்லும் காலம் பின்னால் வந்தது.

புதிய கருத்தை ஊர் உடனே ஏற்றுக்கொள்ளுமா? ஏற்கவில்லை. முன்னால் சாய்ந்தால் குதிரையின் தலைக்கு மேலேயே பறந்துபோய் விழவேண்டியதுதான் என்றார்கள். நிமிர்ந்து உட்காருவதுதான் வீரனுக்கு அழகு, இது என்ன கூன் விழுந்தவன்போல என்றும் கேட்டார்கள். படைப்பள்ளியின் மூத்த ஆசிரியர்கள் பழைய முறையை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. காப்ரில்லி தெற்கு இத்தாலியில் உள்ள படைப்பிரிவுக்கு மாற்றப்பட்டு, சில ஆண்டுகள் தலைநகரை விட்டுத் தள்ளியே இருந்தார்.

வேறொருவராக இருந்தால் மனம் சோர்ந்திருப்பார். காப்ரில்லி சோரவில்லை. போன இடத்திலும் குதிரைகள் இருந்தன. சாதாரணச் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்களுக்கு அவர் தம் முறையைக் கற்றுக்கொடுத்தார். கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த சிப்பாய்கள் குறுகிய காலமே படையில் இருப்பார்கள். கடினமான வித்தைகளைக் கற்க அவர்களுக்கு நேரம் கிடையாது. காப்ரில்லியின் முறையோ எளிமையானது. சிப்பாய்கள் விரைவில் தேர்ந்தார்கள். மிரண்டு நின்ற குதிரைகளும் காதுகளை விறைத்துக்கொண்டு உற்சாகமாகத் தாவின. வலி இல்லாவிட்டால் குதிரைக்குப் பயம் எதற்கு?

1901-ஆம் ஆண்டு அவர் தம் கருத்துகளைக் குதிரைப்படை இதழ் ஒன்றில் எழுதினார். அவர் எழுதியது மிகக் குறைவு. பேனாவைவிடக் குதிரைமேல் இருந்து சொல்லிக்கொடுப்பதுதான் அவருக்குப் பிடித்திருந்தது.

அடுத்த ஆண்டு, 1902-இல், டூரின் நகரில் சர்வதேசக் குதிரையேற்றப் போட்டி நடந்தது. மெலோபோ என்ற குதிரைமேல் காப்ரில்லி களத்தில் இறங்கினார். தடையின் உயரம் 2 மீட்டர் 8 சென்டிமீட்டர். உங்கள் வீட்டு வாசல் நிலையை அண்ணாந்து பாருங்கள். கிட்டத்தட்ட அவ்வளவு உயரம்! மெலோபோ கழுத்தை நீட்டி எழும்பியது. காப்ரில்லி அதன் கழுத்தோடு முன்னால் சாய்ந்தார். குதிரை தடையைத் தாண்டி மறுபக்கம் இறங்கியது. முன்னால் சாய்ந்தால் விழுவார் என்றவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஆயிரம் வாதங்கள் செய்யாததை அந்த ஒரு தாவல் செய்தது.

பிறகு ராணுவமும் அவர் முறையை ஏற்றுக்கொண்டது. எந்தப் பள்ளியில் அவர் கருத்துக்கு இடம் இல்லாமல் இருந்ததோ, அதே பினரோலோ பள்ளிக்கு அவர் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார்.

ஆனால் அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1907-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் தேதி. குளிர்காலம். டூரினில் காப்ரில்லி ஒரு குதிரைமேல் போய்க்கொண்டிருந்தார். தடையும் இல்லை, தாவலும் இல்லை. குதிரை மெல்ல நடந்துகொண்டிருந்தது. அப்போது கீழே விழுந்த அவருக்குத் தலையில் பலத்த அடி பட்டது. அந்தக் காயத்தால் அவர் உயிர் பிரிந்தது. வயது 39. வாசல் உயரத் தடையைத் தாண்டியவரை, நிதானமாக நடந்த குதிரையிலிருந்து விழுந்த விழுகை பறித்துக்கொண்டது. குதிரை வீரர்கள் தலைக்கவசம் அணியாத காலம் அது. இன்றைக்குத் தடை தாண்டும் வீரர்கள் தலைக்கவசம் இல்லாமல் குதிரை ஏற முடியாது. சைக்கிளில் போகும் நீங்களும், ஸ்கூட்டரில் போகும் அப்பா அம்மாவும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தெருதானே என்ற அலட்சியம் வேண்டாம்.

காப்ரில்லி மறைந்தாலும் அவருடைய மாணவர்கள் இருந்தார்கள். அவர் எழுதாமல் விட்டதை அவர்கள் எழுதினார்கள், கற்பித்தார்கள். ருஷ்யா, அமெரிக்கா முதலிய பல நாடுகளின் அதிகாரிகள் பினரோலோவுக்கும் டோர் டி குவின்டோவுக்கும் வந்து கற்றுத் திரும்பினார்கள். 1920-ஆம் ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில், தனிநபர் தடை தாண்டும் போட்டியில் தங்கம் வென்றவர் இத்தாலியின் தொமாசோ லெக்குயோ. வெள்ளி வென்றவரும் இத்தாலியரான அலெசாண்ட்ரோ வலேரியோதான். பிறகு ஒவ்வொரு நாடாக அந்த முறைக்கு மாறியது. காப்ரில்லி பிறந்த லிவோர்னோ நகரின் குதிரைப் பந்தய மைதானத்துக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

குழந்தைகளே, வண்டி மாடு நடுவழியில் படுத்துக்கொண்டால் சிலர் உடனே வாலை முறுக்குவார்கள், தார்க்குச்சியால் குத்துவார்கள். நுகத்தடி அழுத்திக் கழுத்தில் புண் இருக்கிறதா என்று பார்ப்பவர் எத்தனை பேர்? காப்ரில்லி பார்த்தார். அவருடைய பெருமையே அதுதான். வீட்டில் வளரும் நாய், பூனை, ஆடு, மாடு எதுவாக இருந்தாலும், அது முரண்டு பிடித்தால் குச்சியைத் தேடாதீர்கள். எங்கே வலிக்கிறது என்று முதலில் பாருங்கள். வகுப்பில் உங்கள் நண்பன் ஒருவன் பேசாமல் முகம் திருப்பிக்கொண்டாலும் இதே பாடம்தான்.

அடுத்த முறை தொலைக்காட்சியில் குதிரைகள் தடை தாண்டுவதைக் கண்டால், தடையின் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். வீரரின் கைகளைக் கவனியுங்கள். குதிரையின் கழுத்து நீளும்போது அந்தக் கைகளும் கூடவே முன்னால் போகும். அதுதான் காப்ரில்லி சொல்லிக்கொடுத்தது.