மாயா நகரங்களை மீட்ட மார்லி

மண்மூடிக் கிடக்கும் பழம்பெருமையை வெளிக்கொணர அறிவு ஒன்றே போதாது, பொருளும் வேண்டும். அப்பொருளைத் தமக்கெனத் தேடாது, ஒரு தொல்குடியின் வரலாற்றை மீட்பதற்கெனத் தேடியவர் சில்வேனஸ் மார்லி என்னும் அமெரிக்க அறிஞர்.

மெக்சிகோ நாட்டின் யுகட்டான் தீபகற்பத்திலும், குவாத்தமாலா, ஹோண்டுராஸ் முதலிய நாடுகளிலும் பண்டு சிறப்புற்று விளங்கியோர் மாயா மக்கள். வான நூலிலும் கணிதத்திலும் வல்லவரான அவர்கள், கல்லில் எழுத்தும் பொறித்தனர். காலப்போக்கில் அவர்தம் நகரங்கள் பலவற்றைக் காடு மூடிற்று.

மார்லி 1883-ஆம் ஆண்டு பென்சில்வேனியாவில் பிறந்தார். முதலில் பொறியியல் கற்று, பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொல்பொருளியல் பயின்றார். யுகட்டானில் பாழ்பட்டுக் கிடந்த சிச்சென் இட்சா நகரை அகழ்ந்து காத்தலே தம் கடன் எனக் கொண்டார். பல்லாண்டு நடைபெற வேண்டிய அப்பணி, தனி ஒருவர் கைப்பொருளால் முடிவதன்று. ஆகவே, பெருஞ்செல்வர் ஆண்ட்ரூ கார்னகி 1902-இல் தோற்றுவித்த வாஷிங்டன் கார்னகி நிறுவனத்தாரிடம் திட்டமொன்றை அளித்தார். வேறு திட்டங்களும் அவர்கள்முன் இருந்தன. எனினும், மார்லியின் திட்டமே ஏற்கப்பெற்றது.

பொருள் கிடைத்தும் காலம் கைகொடுக்கவில்லை. மெக்சிகோவில் எழுந்த புரட்சியும் முதல் உலகப் போரும் குறுக்கிட்டன. மார்லி மனந்தளர்ந்தாரல்லர். காய்ச்சல் வருத்தவும் காடுகளில் அலைந்து கல்வெட்டுகளை ஆராய்ந்தார். 1916-இல் குவாத்தமாலாக் காட்டினுள் வாசாக்தூன் என்னும் தொன்னகரை உலகறியச் செய்தார். பத்தாண்டுக் காத்திருப்பின் பயனாக, 1924-இல் சிச்சென் இட்சாவில் அகழ்வுப்பணி தொடங்கிற்று. சரிந்து கிடந்த போர்வீரர் கோயில் மீண்டும் தலைநிமிர்ந்தது.

தாத்தியானா புரோஸ்கூரியாகாஃப் என்னும் இளம்பெண், பாழடைந்த மாயா நகரொன்று முன்னாளில் இருந்த தோற்றத்தை ஓவியமாக வரைந்திருந்தார். அதனைக் கண்டு வியந்த மார்லி, ஹோண்டுராசிலுள்ள கோப்பான் நகருக்கு அவரை அனுப்புதற்குப் பொருள் திரட்டினார். 1939-இல் அம்மங்கை அங்குச் சென்றார்.

மாயாக் கல்வெட்டுகள் காலக்கணக்கையும் தெய்வங்களையுமே கூறும் என்பது மார்லியின் கருத்து. அவர் 1948-இல் மறைந்தார். 1960-இல், அக்கல்வெட்டுகள் அரசர்தம் பிறப்பையும் முடிசூட்டையும் கூறுவன என அப்பெண்மணியே நிறுவினார். அறிஞர் உலகம் அதனை ஏற்றது.

மார்லியின் கருத்து மாறிற்று. மார்லியின் பணி மாறவில்லை. அவர் திரட்டிய பொருள் கற்களை மட்டும் காக்கவில்லை. தம் முடிவையே திருத்தவல்ல அறிவையும் வளர்த்தது. உண்மையை நாடுவார்க்கு இதனினும் பெரிய பேறு யாதுளது?