மக்கள் தீர்ப்பும் காமராசரும்

நுழையும்முன்

எத்தனை தேர்தல்களில் வென்றார் என்பதைக் கொண்டு மட்டும் ஒரு தலைவரின் பொதுவாழ்வை அளந்துவிட இயலாது. வாக்குக் கேட்டு அவர் எங்குச் சென்றார், வென்றபின் எதிர்த்து நின்றவரை எவ்வாறு நடத்தினார், தோற்றபின் மக்களை எவ்வாறு மதித்தார் என்பனவற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். ஒன்பது ஆண்டுகள் தமிழகத்தின் முதலமைச்சராக விளங்கிய காமராசரின் தேர்தல் வாழ்வை அறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

சிறையிலிருந்து பெற்ற பதவி

காமராசர் 1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் விருதுநகரில் குமாரசாமிக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையை இளமையிலேயே இழந்ததால் பள்ளிக் கல்வியைத் தொடர இயலவில்லை. இளம்பருவத்திலேயே காங்கிரசில் சேர்ந்து விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டார். வேதாரண்யம் உப்பு அறப்போர் தொடங்கி வெள்ளையனே வெளியேறு இயக்கம் வரை பல போராட்டங்களில் சிறை சென்றார். அவர் சிறையில் கழித்த காலம் மூவாயிரம் நாள்களுக்கும் மேற்பட்டது.

1937ஆம் ஆண்டுத் தேர்தலில் சாத்தூர்த் தொகுதியிலிருந்து சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு அவர் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அக்காலத்தில் வாக்குரிமை எல்லார்க்கும் உரியதாக இல்லை. சொத்து, வரி, கல்வி முதலிய தகுதிகள் உடையோரே வாக்களிக்க இயலும். சட்டமன்றத்துக்குள் நுழைந்த அவருடைய பணி பெரும்பாலும் வெளியே, ஊர்தோறும் கட்சியைக் கட்டி எழுப்புவதாகவே இருந்தது. 1940ஆம் ஆண்டு தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவரானார்.

அதன்பின் வேலூர்ச் சிறையில் இருந்தபோது, விருதுநகர் நகராட்சித் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தனர். விடுதலையாகி ஊர் திரும்பியதும் நகராட்சிக்குச் சென்ற அவர் அப்பதவியிலிருந்து விலகினார். முழுமையாகப் பணியாற்ற இயலாத பதவியை வகித்தல் முறையன்று என்பது அவருடைய கொள்கை.

குடியாத்தம் தேர்தல்

இந்தியா குடியரசானபின், வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தலில் திருவில்லிபுத்தூர்த் தொகுதியிலிருந்து காமராசர் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1954ஆம் ஆண்டு முதலமைச்சர் இராஜாஜி பதவி விலக முடிவு செய்தபோது, சட்டமன்றக் காங்கிரஸ் கட்சிக்குப் புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அப்போட்டியில் காமராசர் 93 வாக்குகளும் சி. சுப்பிரமணியம் 41 வாக்குகளும் பெற்றனர். போட்டியிட்டுத் தோற்ற சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் காமராசர் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார்.

ஏப்ரல் 13ஆம் நாள் முதலமைச்சராகப் பொறுப்பேற்றபோது அவர் சட்டமன்ற உறுப்பினர் அல்லர். அத்தகைய அமைச்சர் ஆறு மாதங்களுக்குள் சட்டமன்றத்தின் ஏதேனும் ஓர் அவையில் உறுப்பினராதல் வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் விதி. அன்று தமிழகத்தில் மேலவையும் இருந்தது. 1952ஆம் ஆண்டு இராஜாஜி அவ்வவைக்கு நியமிக்கப்பெற்றே முதலமைச்சரானார். அவ்வெளிய வழி காமராசருக்கும் திறந்திருந்தது. அவரோ மக்களிடம் நேரில் வாக்குக் கேட்க முடிவு செய்து, குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார்.

குடியாத்தம் அவருடைய சொந்த ஊருக்கு அருகில் உள்ளதன்று. அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. உழைப்பாளர் மிகுந்த அப்பகுதியில் பொதுவுடைமைக் கட்சி வலுவாக வேரூன்றியிருந்தது. அக்கட்சியின் கோதண்டராமன் அவரை எதிர்த்துப் போட்டியிட்டார். தோற்றால் முதலமைச்சர் பதவியை இழக்க நேரிடும். ஆயினும் தந்தை பெரியாரும் அறிஞர் அண்ணாவின் திராவிட முன்னேற்றக் கழகமும் கட்சி வேறுபாட்டைக் கடந்து காமராசரை ஆதரித்தனர். அவர் வெற்றி பெற்றார். மக்கள் தந்த உரிமையோடு பேரவைக்குள் நுழைந்தார்.

வாக்கும் கடமையும்

பெற்ற வாக்குக்குக் கைம்மாறு பணியே என அவர் கருதினார். குலத்தொழிலுக்கு வழிவகுக்கும் எனக் கண்டிக்கப்பட்ட அரைநாள் கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. மூடப்பட்ட பள்ளிகள் திறக்கப்பட்டன. பள்ளி இல்லாத சிற்றூர்களில் புதிய பள்ளிகள் எழுந்தன. பசியோடு வரும் குழந்தைக்குப் பாடம் ஏறாது என்பதை உணர்ந்து மதிய உணவுத் திட்டம் கொண்டுவரப்பட்டது. வைகை, மணிமுத்தாறு, சாத்தனூர் முதலிய இடங்களில் அணைகள் கட்டப்பட்டன.

1957, 1962 ஆகிய இரு பொதுத்தேர்தல்களிலும் காமராசர் சாத்தூரில் வென்றார். அவர் தலைமையில் காங்கிரஸ் 1957இல் 205 இடங்களுள் 151 இடங்களையும், 1962இல் 206 இடங்களுள் 139 இடங்களையும் பெற்றது. பெரும்பான்மை இருந்தும் 1963ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவர் பதவியிலிருந்து விலகினார். மூத்த தலைவர்கள் ஆட்சிப் பொறுப்பைத் துறந்து கட்சிப்பணிக்குத் திரும்ப வேண்டும் எனத் தாம் வகுத்த திட்டத்தைத் தாமே முன்னின்று நிறைவேற்றினார். அடுத்த ஆண்டு அகில இந்தியக் காங்கிரசின் தலைவரானார்.

சொந்த ஊரின் தீர்ப்பு

1967ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் காமராசர் தாம் பிறந்த விருதுநகரில் போட்டியிட்டார். அப்போது தமிழகத்தில் அரிசித் தட்டுப்பாடும் விலைவாசி உயர்வும் நிலவின. 1965ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை அரசு ஒடுக்கிய முறை, இளைஞர்களிடையே ஆறாத சினத்தை ஏற்படுத்தியிருந்தது. அப்போராட்டத்தில் பங்கேற்ற இளைஞர் பெ. சீனிவாசன் தி.மு.க. வேட்பாளராகக் காமராசரை எதிர்த்தார். வாக்குகள் எண்ணப்பட்டபோது 1,285 வாக்குகள் வேறுபாட்டில் காமராசர் தோல்வியுற்றார். முதலமைச்சர் பக்தவத்சலமும் தம் தொகுதியில் தோற்றார். அண்ணாவின் தலைமையில் தி.மு.க. ஆட்சி அமைந்தது.

அறிமுகமில்லாக் குடியாத்தம் முதலமைச்சராக ஏற்ற ஒருவரை, அவர் பிறந்த ஊர் ஏற்க மறுத்தது. தாம் திறந்த பள்ளிகளில் பயின்ற தலைமுறையே தமக்கு எதிராக எழுந்ததையும் அவர் கண்டார். ஆனால் மக்கள் நன்றி மறந்தனர் என அவர் குறைகூறவில்லை. வாக்கு என்பது செய்த உதவிக்குத் திருப்பித் தரும் கடன் அன்று; அன்றைய நிலையை எண்ணிக் குடிமக்கள் வழங்கும் தீர்ப்பு என்பதை அவர் உணர்ந்திருந்தார். அத்தீர்ப்பை ஏற்று மீண்டும் மக்களிடையே சென்றார்.

நாகர்கோவில் தந்த ஆதரவு

நாகர்கோவில் நாடாளுமன்ற உறுப்பினர் மார்ஷல் நேசமணி மறைந்ததால் 1969ஆம் ஆண்டு அங்கு இடைத்தேர்தல் நடைபெற்றது. குமரிப்பகுதி தமிழகத்தோடு இணையப் போராடியவர் நேசமணி. 1956இல் அவ்விணைப்பு நிகழ்ந்தபோது முதலமைச்சராக இருந்தவர் காமராசர். அத்தொகுதியில் காமராசர் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். 1971ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய கட்சி தமிழகத்தில் பெற்ற ஒரே வெற்றி, அவர் நின்ற நாகர்கோவிலில் கிடைத்ததாகும்.

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் காமராசர் சென்னையில், தாம் வாடகைக்குக் குடியிருந்த வீட்டில் காலமானார். அவருக்கென நிலமோ செல்வமோ இல்லை. மறு ஆண்டு பாரதரத்னா விருது அவருக்கு வழங்கப்பெற்றது. அவர் தோற்ற விருதுநகர் இன்று மாவட்டமாகி, அவர் பெயரோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. மக்களிடம் உரிமை கேட்கத் தயங்காமையும், மக்கள் மறுத்தபோது மனம் கசவாமையும் மக்களாட்சியில் தலைவருக்கு வேண்டிய பண்புகள் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.