எட்வின் ஆம்ஸ்ட்ராங்

எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங் (1890 - 1954) ஓர் அமெரிக்க மின்பொறியாளர், கண்டுபிடிப்பாளர். மீளூட்டச் சுற்று, சூப்பர்ஹெட்டரோடைன் வாங்கி, பண்பலை ஒலிபரப்பு ஆகியன இவருடைய முதன்மையான ஆக்கங்களாகும். வானொலியில் இரைச்சலை ஒழிக்க வாழ்நாள் முழுதும் உழைத்தவர் இவர். ஆயினும், இவர் வகுத்த வாங்கியே புதுவகைப் போலிக் குறிகைகளுக்கு இடமளித்தது.

இளமை

நியூயார்க் நகரில் டிசம்பர் 18, 1890 அன்று பிறந்தார். சிறுவயதிலேயே அமெச்சூர் வானொலியில் ஈடுபட்டு, யாங்கர்ஸில் தம் வீட்டருகே உயரமான அலைவாங்கிக் கம்பம் ஒன்றை எழுப்பினார். கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, 1912இல் மீளூட்டச் சுற்றைக் கண்டறிந்தார். வெற்றிடக் குழாயின் வெளியீட்டில் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கே திருப்பி அனுப்புவதால் நலிந்த குறிகையும் பன்மடங்கு பெருகியது. மீளூட்டம் அளவு மீறினால் வாங்கியே பரப்பியாக மாறி, அண்டை வீட்டு வானொலிகளில் சீழ்க்கை ஒலி எழுப்பும் என்பது இதன் குறை.

சூப்பர்ஹெட்டரோடைன் வாங்கி

முதல் உலகப்போரின்போது பாரிசில் பணியாற்றிய இவர், 1918இல் இவ்வாங்கியை வடிவமைத்தார். பிரான்சின் லூசியன் லெவியும் இதே கருத்துக்கு முன்னரே உரிமை கோரியிருந்தார். வரும் குறிகையை உள் அலையியற்றியின் அலையுடன் கலந்து, நிலையான இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றிப் பெருக்குவதே இதன் தத்துவம்.

கலக்கி வேறுபாட்டை மட்டுமே அறியும். அது மேலிருந்து வந்ததா கீழிருந்து வந்ததா என்பதை அறியாது. திருச்சிராப்பள்ளி வானொலியின் மத்திய அலை அதிர்வெண்ணான 936 கிலோ ஹெர்ட்சை எடுத்துக்கொள்ளலாம். பெரம்பலூர், அரியலூர் பகுதிகள் இந்நிலையத்துக்கு அண்மையில் உள்ளன. இடைநிலை அதிர்வெண் 455, உள் அலையியற்றி 1391 எனில், 936உம் 1846உம் ஒருங்கே 455ஐத் தரும். 1846 என்பது அமெச்சூர்களின் 160 மீட்டர் பட்டையில் அமைவதால், முன்சுற்று வலுவற்ற வாங்கியில் அங்கே இல்லாத வானொலி நிகழ்ச்சி கேட்கக்கூடும். இது பிம்பக் குறிகை எனப்படும். உயர்ந்த பட்டைகளில் 910 கிலோ ஹெர்ட்சு இடைவெளி மிகச் சிறிதாகிவிடுவதால் இதனை விலக்குவது மேலும் கடினம். கலக்கிக்கு முன் நல்ல இசைவுச் சுற்றுகள், உயர்ந்த இடைநிலை அதிர்வெண், இருமுறை மாற்றம் ஆகியன இதற்குத் தீர்வுகள். அலைவாங்கியைக் கழற்றிய பின்னும் ஒலி நீடித்தால், அது பெரும்பாலும் வாங்கியின் உள்ளேயே பிறந்த வேறுவகைப் போலிக் குறிகையாகும். இச்சோதனை அறியாத அமெச்சூர், இல்லாத நிலையத்தைக் குறிப்பேட்டில் பதிய நேரிடும்.

பண்பலையும் வழக்குகளும்

பண்பலைக்கான காப்புரிமைகள் 1933இல் கிடைத்தன. 1935 நவம்பரில் நடந்த செய்முறை விளக்கத்துக்கு யாங்கர்ஸில் இருந்த அமெச்சூர் நண்பர் ஒருவரின் நிலையமே பரப்பியாக உதவியது. 1945இல் பண்பலைப் பட்டை 88-108 மெகா ஹெர்ட்சுக்கு மாற்றப்பட்டதால் பழைய வாங்கிகள் பயனற்றுப் போயின.

மீளூட்டச் சுற்றின் உரிமை லீ டி பாரஸ்டுக்கே உரியது என அமெரிக்க உச்சநீதிமன்றம் 1934இல் முடிவாகத் தீர்ப்பளித்தது. பொறியாளர்கள் பலர் அதனை ஏற்கவில்லை. அச்சுற்றுக்காகப் பெற்ற பதக்கத்தை ஆம்ஸ்ட்ராங் திருப்பியளிக்க முன்வந்தபோது, வானொலிப் பொறியாளர் கழகம் வாங்க மறுத்துவிட்டது. 1948இல் ஆர்சிஏ நிறுவனத்தின் மீது பண்பலைக் காப்புரிமைக்காக வழக்குத் தொடுத்தார். நீண்ட வழக்கில் செல்வமும் உடல்நலமும் கரைந்தன. 1954 ஜனவரி இறுதியில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆர்சிஏ அதே ஆண்டு டிசம்பரில் உடன்பாட்டுக்கு வந்தது. மனைவி மரியன் ஏனைய வழக்குகளைத் தொடர்ந்து நடத்தி, 1967இல் மோட்டோரோலாவுக்கு எதிரான இறுதி வழக்கிலும் வென்றார். இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலையில் சென்னையில் தொடங்கியது.