வீரமாமுனிவர் நூலை அச்சிட்ட மாற்றுச் சபையினர்

வீரமாமுனிவர் கத்தோலிக்கத் துறவி. ஆனால் அவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கண நூலை 1738ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் அச்சிட்டவர்கள், லுத்தரன் சபையைச் சேர்ந்த புரோட்டஸ்டன்ட் மிஷனரிகள். அதுவும், அவர்களுடைய போதனையை மறுத்து அவர் நூல்களே எழுதியிருந்த காலத்தில்!

கொன்ஸ்தான்சோ பெஸ்கி என்ற இயற்பெயர் கொண்ட அவர், 1680 நவம்பர் 8ஆம் தேதி இத்தாலியில் பிறந்தார். இயேசு சபையில் சேர்ந்து குருவாகி, முப்பது வயதையொட்டித் தமிழகம் வந்தார். காவி உடுத்தி, ஏலாக்குறிச்சி, கோனான்குப்பம் முதலிய ஊர்களில் பணியாற்றினார்.

அவருக்கு முன்பே, 1706இல், சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்துவிட்டார். மக்கள் வேதத்தைத் தங்கள் மொழியிலேயே படிக்க வேண்டும் என்பது லுத்தரன் சபையின் பிடிவாதம். 1715க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறிவிட்டது. வேதம் மட்டுமே போதும் என்றனர் அவர்கள். திருச்சபையின் மரபும் போப்பாண்டவரின் அதிகாரமும் இல்லாமல் வேதத்துக்குச் சரியான பொருள் கிடைக்காது என்றது கத்தோலிக்கத் தரப்பு. மாதா வணக்கத்திலும் இரு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக்கி, 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடியவர் முனிவர். புனிதர்களிடம் வேண்டுவதையே ஏற்காதவர்கள் லுத்தரன் சபையினர்.

‘வேத விளக்கம்’, ‘பேதகமறுத்தல்’ ஆகிய நூல்களில் முனிவர் அவர்களைக் கடுமையாகச் சாடினார். கொள்கையோடு நிற்காமல், அவர்களுடைய தமிழ் நடையையும் எள்ளி நகையாடினார். வெளிநாட்டிலிருந்து வந்து தமிழ் கற்றவர்களை, அப்படியே வந்து கற்ற இன்னொருவர் கேலி செய்தது சற்று அதிகம்தான்.

ஆனாலும் ஊர் மக்களிடம் பேச இரு சபையாருக்கும் பேச்சுத் தமிழ் தேவைப்பட்டது. புதிதாக வரும் குருமார்கள் அதைக் கற்பதற்காகவே முனிவர் அந்த இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். அதைவிடத் தெளிவான வழிகாட்டி தரங்கம்பாடியாருக்கும் கிடைக்கவில்லை. அச்சுக்கூடம் அவர்களிடம் இருந்தது. வேறு சபைக்காரர் என்று நூலை ஒதுக்காமல் அச்சேற்றினர்.

எகர, ஏகார வேறுபாட்டைக் காட்ட அவர் கொண்டுவந்த இரட்டைக் கொம்பு, இன்று இரு சபையாரின் வேதாகமங்களிலும் உள்ளது. ‘தேவன்’ என்று எழுதினாலே அது வந்துவிடும்.

முனிவர் 1747 பிப்ரவரி 4ஆம் தேதி, கேரளத்தின் அம்பலக்காட்டில் காலமானார்.